ஃபேன்கூட சுற்றவில்லை, மதர்போர்டு போச்சா?

கேள்வி: குடியாத்தத்தில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். போன வாரம் இடி மழை பெய்த மறுநாள் காலையில் இருந்து கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் ஃபேன்கூட சுற்றுவதில்லை. வந்து பார்த்த மெக்கானிக், "மதர்போர்டு போயிடுச்சு, 7,500 ஆகும்" என்கிறார். ஏழாம் தலைமுறை ஐ3, வாங்கி எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. மாற்றிவிடலாமா?

பதில்: பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள். வேறு ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். (சிபியுவுக்குள் எல்லா பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாட்டிப் பார்த்தாரா? பார்க்காமல் சொல்லியிருந்தால் அது ஊகம்தான். ஃபேன் சுற்றாமல் சிபியு மொத்தமாகச் செத்துக் கிடந்தால் முதல் சந்தேகம் கரண்ட் வரும் வழி மேல்தான் விழ வேண்டும். போர்டு அதற்கு அப்புறம்.

ஸ்பைக் பஸ்டரையும் யு.பி.எஸ்.ஸையும் ஒதுக்கிவிட்டு, பவர் கேபிளைச் சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். மானிட்டரின் கேபிளும் பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கும், அதைக் கழற்றி இதில் போட்டுப் பாருங்கள். சிபியுவின் பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ். அருகே சின்ன சுவிட்ச் இருக்கும். கடையைப் பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது ஆஃப் ஆகியிருப்பதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

அதிலும் சரியாகவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறங்கள். நம் வேலூர்ப் பக்கத்து வெயிலும் புழுதியும் எட்டு வருடத்தில் உள்ளே என்ன சேர்த்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம், பல்லி முட்டைகூடக் கிடக்கும். தூசியைத் தட்டிவிட்டு, போர்டில் இருக்கும் 24 பின் கனெக்டரையும், பிராசஸர் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். முன்பக்க பட்டன் மேலும் சந்தேகம் வேண்டும். பட்டனின் வயர் போர்டில் இரண்டு ஊசிகளில் மாட்டியிருக்கும். அதைக் கழற்றி, ரீசெட் பட்டனின் வயரை அங்கே மாட்டி அழுத்துங்கள். ஆன் ஆனால் செலவே இல்லை.

ஆகவில்லையா? தெரிந்தவரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். போர்டில் சின்ன விளக்கு எரிகிறதே, அப்போ எஸ்.எம்.பி.எஸ். நல்லாத்தானே இருக்கு என்று சிலர் வாதிடுவார்கள். அந்த விளக்குக்கு ஸ்டாண்ட்பை 5 வோல்ட் போதும், ஃபேனுக்கு 12 வோல்ட் வர வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பு: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

எல்லாம் செய்தும் அசையவில்லை என்றால் மெக்கானிக் சொன்னது பெரும்பாலும் சரிதான். இடி இறங்கும்போது இன்டர்நெட் கேபிள் வழியாக வந்து போர்டை அடிப்பதும் உண்டு. அப்போதும் 7,500 கொடுக்க நான் சொல்ல மாட்டேன். அந்தத் தலைமுறைக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் பழைய போர்டைச் சரிசெய்து விற்பதுதான். உங்கள் பிராசஸர் விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, வாடிக்கையாளர் ஃபைல்களைக் காப்பாற்றிவிட்டு அந்தப் பணத்தைப் புது மெஷினில் போடுங்கள்.

எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பரும் வாரண்டி மாதமும் எழுதியிருக்க வேண்டும். அது இல்லாமல் பிறகு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினாலும், வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் காட்ட ஒன்றும் இருக்காது. ஆணையத்தில் மனு கொடுக்க இரண்டு வருடம் அவகாசம். 5 லட்ச ரூபாய் வரையுள்ள விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: காட்பாடியில் மகனுக்குப் புதிதாக கிராபிக்ஸ் கார்டு போட்டோம். ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது. கார்டு டூப்ளிகேட்டா?

பதில்: மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய இடத்திலேயே இருந்தால், அதைக் கழற்றிப் புது கார்டில் இருக்கும் துளையில் போடுங்கள். அப்போதும் படம் வரவில்லை என்றால் ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மறுபடி மாட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கார்டைப் பில்லோடு கடைக்கு எடுத்துப் போய், அவர்கள் மெஷினில் உங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.