மெஹர்பூர் மாவட்டம்: கேள்வி பதில்

வங்கதேசத்தின் மேற்கு ஓரத்தில், இந்திய எல்லையை ஒட்டிய சின்ன மாவட்டம் மெஹர்பூர். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

கேள்வி: தாத்தாவின் பத்திரத்தில் ‘மெஹர்பூர், நதியா ஜில்லா’ என்று இருக்கிறது. நதியா இந்தியாவில்தானே, சார்?

பத்திரத்தின் ஆண்டைப் பாருங்கள். 1947 வரை மெஹர்பூர் நதியாவின் ஒரு சப்-டிவிஷன். பிரிவினையின்போது இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே போட்ட ராட்கிளிஃப் எல்லைக்கோடு நதியாவையே பிளந்தது. கிருஷ்ணாநகரும் ராணாகாட்டும் இந்தியாவுக்கு வந்தன. குஷ்டியா, சுவாடாங்கா, மெஹர்பூர் பாகிஸ்தானுக்குப் போயின. மெஹர்பூர் சப்-டிவிஷனில் இருந்த கரீம்பூரும் தேஹட்டாவும் மட்டும் இந்தப் பக்கம் நின்றுவிட்டன. அப்புறம் மெஹர்பூர் குஷ்டியா மாவட்டத்தில் இருந்தது. வங்கதேசத்தின் ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத் காலத்தில் சப்-டிவிஷன்களை மாவட்டங்களாக உயர்த்தியபோது, 1984 பிப்ரவரியில் தனி மாவட்டம் ஆனது. ஆண்டைப் பார்க்காமல் மாவட்டப் பெயரை நம்பாதீர்கள்.

கேள்வி: எத்தனை தாலுகா? கலெக்டர் உண்டா?

தாலுகா மாதிரி அங்கே உபஜில்லா. மொத்தம் மூன்று: மெஹர்பூர் சதர், காங்னி, முஜிப்நகர். கடைசியது 2000இல் பிரிந்தது. மாவட்டத்துக்கு நம் கலெக்டர் மாதிரி டி.சி. (துணை ஆணையர்), உபஜில்லாவுக்கு யு.என்.ஓ. (உபஜில்லா நிர்வாக அதிகாரி). அடிமட்டத்தில் நம் ஊராட்சி மாதிரி யூனியன் பரிஷத்: தலைவர் ஒருவர், வார்டு உறுப்பினர்கள் 9 பேர், தனி இடங்களில் பெண்கள் 3 பேர்.

கேள்வி: கிராமத்துப் பள்ளிகள் எப்படி, ஐயா? அரசுப் பள்ளிகள்தானா?

ஐந்தாவது வரை பெரும்பாலும் அரசுதான். 1973இல் நாடு முழுக்க 36 ஆயிரத்துக்கும் அதிகமான தொடக்கப் பள்ளிகளை அரசு ஒரேயடியாக எடுத்துக்கொண்டது; கட்டாயக் கல்விச் சட்டம் 1990இல் வந்தது. ஆறாவதிலிருந்து கதை வேறு. ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்துத் தொடங்கிய தனியார் பள்ளிகளே அதிகம். ஆசிரியரின் அடிப்படைச் சம்பளத்தை ‘எம்.பி.ஓ.’ (மாதச் சம்பள ஆணை) என்ற பட்டியல் வழியாக அரசு தரும். பள்ளியின் பெயர் அதில் ஏறும்வரை ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் பாடம் நடத்துவதும் உண்டு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அங்கே ஆசிரியர் போராட்டங்கள் ஏன் ஓய்வதில்லை என்பது புரியும்.

பொதுத்தேர்வுகள் பத்தாவதில் எஸ்.எஸ்.சி., பன்னிரண்டாவதில் எச்.எஸ்.சி. இரண்டையும் நடத்துவது ஜெஸ்ஸோர் கல்வி வாரியம். சான்றிதழ் சரிபார்க்க டாக்கா வாரியத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அரசுப் பாடத்திட்டத்தில் நடக்கும் ஆலியா மதரஸாவில் தாக்கில், ஆலிம் என்று இணையான தேர்வுகள். அவற்றுக்கு வாரியமே தனி.

பெண் பிள்ளைகளுக்கு 1994இல் நாடு தழுவிய உதவித்தொகை வந்தது. அப்போதைய நிபந்தனைகள் மூன்று: 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், எஸ்.எஸ்.சி. முடியும்வரை கல்யாணம் கூடாது. மூன்றாவதுதான் அந்தத் திட்டத்தின் உயிராக இருந்தது.

கேள்வி: நாட்டின் முதல் தலைநகரம் சுவாடாங்காதானே?

கேள்வி (இன்னொருவர்): கொல்கத்தாதான்! மாந்தோப்பில் நடந்தது ஒரு நாள் கூத்து.

இருவரும் மூன்று நாளாகச் சண்டை போடுகிறீர்கள். விடுதலைப் போரின்போது அமைந்த வங்கதேசத் தற்காலிக அரசின் பதவியேற்பைச் சுவாடாங்காவில் நடத்தத்தான் முதலில் நினைத்தார்கள். செய்தி கசிந்தது, பாகிஸ்தான் விமானங்கள் குண்டு போட்டன. அதனால் 1971 ஏப்ரல் 17 அன்று எல்லையோரம் வைத்தியநாத்தலா மாந்தோப்பில் வைத்துக்கொண்டார்கள். கொல்கத்தாவிலிருந்து பத்திரிகையாளர்களை எங்கே போகிறோம் என்று சொல்லாமலே கார்களில் கூட்டிவந்தார்கள். அணிவகுப்பு மரியாதை கொடுத்தவர்கள் ஆன்சார் என்ற துணைப் படையினர் சிலர். அதிபராக அறிவிக்கப்பட்ட ஷேக் முஜிபுர் ரஹ்மான் பாகிஸ்தான் சிறையில்; பிரதமர் தாஜுதீன் அகமது அந்த இடத்துக்கு முஜிப்நகர் என்று பெயர் வைத்தார். அலுவலகம் கொல்கத்தா தியேட்டர் ரோட்டில் நடந்தது, உண்மைதான். ஆனால் சொந்த மண்ணில் பதவியேற்காத அரசை உலகம் எப்படி ஏற்கும்? அதைக் கூத்து என்பது அநியாயம்.

கேள்வி: மெஹர்பூரின் ஆம்ஜுபி நீல்குடியில்தான் (அவுரி வியாபாரிகளின் மாளிகை) கிளைவ் பிளாசிப் போருக்குச் சதி செய்தாராமே?

பிளாசிப் போர் 1757இல். ஐரோப்பியரின் அவுரி வியாபாரம் அங்கே வேர்விட்டது அதற்குப் பிறகு. மீதியை நீங்களே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: தமிழ்த் தொடர்பு ஏதும் உண்டா?

சுற்றி வளைத்தால் உண்டு. பரோடாவில் அரவிந்தருக்கு வங்காளம் கற்றுக்கொடுத்த தினேந்திர குமார் ராய் மெஹர்பூர்க்காரர். அரவிந்தர் பிறகு புதுச்சேரிக்கு வந்தார்.

கேள்வி: விசா எடுப்பது எப்படி?

தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: மெஹர்பூர் மேற்கு வங்கத்தில் எந்தப் பக்கம்?

முதல் பதிலைப் படியுங்கள், தம்பி. ஆண்டு, ஆண்டு!