பிரஷ் இல்லாமல் ஷேவிங்: நுரை வராததும் கழுத்து எரிச்சலும்

பிரஷ் இல்லாமல் கையால் க்ரீம் போட்டால் நுரை வரவில்லை, கழுத்து எரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் போதவில்லை என்றுதான் தோன்றுகிறது. பிரஷ் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். விரலுக்கு அந்த வசதி கிடையாது.

தாடியை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடுங்கள், துடைக்காதீர்கள். விரல் நுனியளவு க்ரீமை உள்ளங்கையில் வைத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, முடி வளரும் திசைக்கு எதிராகத் தேய்த்துவிடுங்கள். வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நின்றால் இன்னும் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். ஈரப் பளபளப்பு வந்துவிட்டால் சரி. நுரை பொங்க வேண்டியதில்லை, வழுக்கினால் போதும். (பிரஷ் தேவையில்லாத வகை க்ரீம் என்றால் அது நுரைக்கவே நுரைக்காது. தயாரிப்பே அப்படித்தான்.)

கழுத்தில் பலருக்கு முடி பக்கவாட்டில் வளரும். விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டாத திசையில்தான் முதலில் மழிக்க வேண்டும். பிளேடை அழுத்தவே கூடாது.

அப்புறம், ரேசரை எடுக்கும் முன் கையைக் கழுவித் துடைத்துவிடுங்கள். க்ரீம் கையோடு பிடித்தால் நழுவும். பிரஷ்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை!