வீட்டில் பாதிப் பேருக்குக் கணக்கு வராது

கேள்வி: என் கணவருக்கும் மூத்த மகனுக்கும் கணக்கு என்றால் உயிர். ஒரு புதிர் கிடைத்துவிட்டால் இருவரும் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார்கள். கூப்பிட்டாலும் காதில் விழாது. எனக்கும் ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் அது ஆகவே ஆகாது. கூட்டல், கழித்தல், வாய்ப்பாடெல்லாம் நன்றாகவே செய்வாள். இந்த வருடம் இயற்கணிதம் ஆரம்பித்ததிலிருந்து நோட்டைத் திறந்தாலே அழுகை. அப்பா சொல்லிக்கொடுத்தால் இன்னும் அதிகமாக அழுகிறாள். நேற்று, “விடும்மா, நான் உன்னை மாதிரி, நமக்குக் கணக்கு வராது” என்றாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரே வீட்டில் இப்படி இரண்டு கட்சி எப்படி? பரம்பரையா? ஏதாவது டெஸ்ட் எடுத்துப் பார்க்க வேண்டுமா? அவள் நோட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

கடிதத்தைவிட அந்த நோட்டுப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவளுக்கு அது பழக்கதோஷம். மேலே ஏழெட்டுக் கூட்டல்கள், எல்லாம் சரி. கீழே வர வர ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாளே மெலிந்துபோயிருக்கிறது. அங்கேதான் இந்தக் கணக்கு இருக்கிறது:

8 + 4 = ☐ + 5

கட்டத்துக்குள் 12 என்று எழுதியிருக்கிறாள். மேலே சிவப்பு மையில் ஒரு தப்புக் குறி.

எட்டும் நாலும் பன்னிரண்டுதானே? கூட்டலில் பிழை இல்லை. பிழை அந்த = குறியில் இருக்கிறது. முதல் வகுப்பிலிருந்து அவள் பார்த்த பக்கங்களில் இடப்பக்கம் கணக்கு இருக்கும், நடுவில் =, வலப்பக்கம் காலியிடம். கால்குலேட்டரிலும் = பொத்தானை அமுக்கினால் விடை வருகிறது. ஆக, “இங்கே விடையை எழுது” என்பதுதான் அந்தக் குறிக்கு அர்த்தம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். வலப்பக்கம் நிற்கும் + 5 எதற்கென்று புரியவில்லை, விட்டுவிட்டாள். உலகமெங்கும் பிள்ளைகள் இப்படித்தான் எழுதுகிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டி 17 என்று எழுதுவார்கள்.

1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் என்பவர் இந்தக் குறியை முதலில் அச்சில் கொண்டுவந்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்தார். அவற்றைவிடச் சமமாக வேறு எந்த இரண்டு பொருளும் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். தராசு மாதிரிதான் அது. இந்தத் தட்டில் இருப்பதும் அந்தத் தட்டில் இருப்பதும் ஒரே அளவு. அப்படியானால் கட்டத்துக்குள் வர வேண்டியது 7. இதை உங்கள் மகளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே ஐந்து வருடம் எல்லா விடையும் சரியாக வந்ததால், சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

இப்போது இயற்கணிதம் வந்துவிட்டது. “எக்ஸுடன் 5-ஐக் கூட்டினால் 12” என்பதையாவது எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். இரண்டு பக்கமும் எக்ஸ் வந்து நின்றால்? “விடையை எழுது” என்று சொல்லும் குறிக்குப் பின்னால் இன்னொரு கணக்கு நிற்கிறது. அவள் அகராதிப்படி அந்த வரி வெறும் உளறல். உளறலை மனப்பாடம் செய்யச் சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளைதான் முதலில் அழும்.

சார்லஸ் டார்வினுக்கும் இதே இடத்தில்தான் சறுக்கியது. 1828-ல் கோடை விடுமுறையில் தனி ஆசிரியர் வைத்துக் கணிதம் படித்துப் பார்த்தார், ஏறவில்லை. இயற்கணிதத்தின் ஆரம்பப் படிகளில் எந்த அர்த்தமும் தென்படாததால்தான் அது வெறுத்துப்போனது என்று பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். கொஞ்சமாவது முன்னேறியிருக்கலாமே என்று வருந்தவும் செய்தார். கணிதம் தெரிந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு புலன் இருப்பதுபோல அவருக்குப் பட்டது. இவ்வளவு பெரிய மேதைக்கு மூளை குறைவு என்று சொல்ல மாட்டோம் இல்லையா?

பரம்பரையா என்று கேட்டீர்கள். அதற்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் பங்கு உண்டென்றே காட்டுகின்றன. ஆனால் = குறியைத் தப்பாகப் படிப்பது மரபணுவில் வருவதில்லை.

டெஸ்ட் விஷயம். டிஸ்கால்குலியா என்று, எண்களைப் புரிந்துகொள்வதிலேயே வரும் கற்றல் குறைபாடு ஒன்று உண்மையிலேயே உண்டு. நூற்றில் மூன்றிலிருந்து ஏழு பேர் வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அதில் சிக்கல் அடித்தளத்திலேயே இருக்கும். பதினோரு வயதிலும் 6 + 3-க்கு விரல் மடக்க வேண்டியிருக்கும், இரண்டு எண்களில் எது பெரியது என்று சொல்லத் தயங்குவார்கள், கடிகாரம் பார்த்து மணி சொல்வதே திணறலாக இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதில் அந்த அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அவளிடம் எனக்குத் தெரிவது பயம். 27-ஐயும் 48-ஐயும் மனதில் கூட்டிப் பாருங்கள். ஏழும் எட்டும் பதினைந்து, ஐந்தைப் போட்டு ஒன்றை எங்கோ பிடித்து வைத்துக்கொள்கிறீர்களே, அந்த இடம் ரொம்பச் சின்னது. “தப்பாகிடுமோ, அப்பா என்ன சொல்வாரோ” என்ற எண்ணமும் அதே இடத்தில்தான் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பிடித்து வைத்த ஒன்று எங்கே நிற்கும்? தெரிந்த கணக்கே தப்பாகும். 2012-ல் வெளியான ஒரு மூளை ஆய்வில், கணக்குப் பயம் உள்ளவர்களுக்கு வலியோடு தொடர்புடைய பகுதிகள் தூண்டப்படுவது தெரிந்தது. அதுவும் கணக்குப் போடும்போது அல்ல, “அடுத்து கணக்கு” என்ற அறிவிப்பு வந்தபோது. அதனால் “சாயங்காலம் கணக்குக்கு உட்காரணும், ஞாபகம் இருக்கட்டும்” என்று காலையிலேயே சொல்லி அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி. நல்ல மனிதர்தான், சந்தேகமில்லை. ஆனால் “இது ரொம்ப ஈஸி” என்று அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் சொல்வார். கேட்கிற பிள்ளைக்கு அது, “ஈஸியானதே எனக்குத் தெரியவில்லை என்றால் நான் மக்கு” என்றுதான் போய்ச் சேரும். கணக்கு பிடித்தவர்களிடம் இருக்கும் பெரிய குறை இது. எப்போது புரிந்தது என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். கல்லூரிக் கணக்கில் வரும் ‘எல்லை’ (லிமிட்) என்ற கருத்தின் வரையறையில் ஒரு பருவம் முழுக்க முட்டி நின்றவள் நான். வகுப்பில் என்னைக் காப்பாற்றியது அந்த ஞாபகம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வேகத்தையும் அவர் கொஞ்சம் மறக்கட்டும். கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-ல் வாங்கி, அதைப் பெற்ற முதல் பெண் ஆன மரியம் மிர்சாகானி, சிறுமியாக இருந்தபோது எழுத்தாளராகத்தான் ஆசைப்பட்டார். பள்ளியில் ஒரு வருடம் கணக்கில் பின்தங்கி, ஆர்வமே விட்டுப்போனது. தன்னை மெதுவாக யோசிப்பவள் என்றே அவர் சொல்லிக்கொண்டார். பெரிய தாள்களைத் தரையில் விரித்து மணிக்கணக்கில் கிறுக்குவாராம். அம்மா படம் வரைகிறாள் என்று அவர் குழந்தை நினைத்துக்கொள்ளும்.

சரி, அப்பாவும் பிள்ளையும் அதில் என்னத்தைக் கண்டார்கள்? 2014-ல் 15 கணித அறிஞர்களிடம் 60 சமன்பாடுகளைக் கொடுத்து, அழகானது எது, அசிங்கமானது எது என்று மதிப்பெண் போடச் சொல்லி மூளையை ஸ்கேன் செய்தார்கள். அழகு என்று சொன்ன சமன்பாடுகளுக்கு, நல்ல இசைக்கும் ஓவியத்துக்கும் கிளர்ச்சி அடையும் அதே பகுதி கிளர்ச்சி அடைந்தது. உங்கள் வீட்டுப் புதிர்க்காரர்களுக்கும் அதுதான் நடக்கிறது; மெனக்கெட்டு உங்களை ஒதுக்கவில்லை. அந்தப் பட்டியலில் அசிங்கமானது என்று அதிகம் பேர் சொன்னது எது தெரியுமா? பை (π) என்ற எண்ணின் தலைகீழுக்கு, அதாவது 1/π-க்கு, ராமானுஜன் கண்டுபிடித்த முடிவிலித் தொடர். கணக்கே உயிர் என்பவர்களுக்குள்ளும் ரசனை ஒத்துப்போவதில்லை. உங்கள் மகளுக்குக் கடைசிவரை கணக்கு பிடிக்காமலே போகலாம். போகட்டும். புரியாமல் பயந்து ஒதுங்குவதைத்தான் தடுக்க வேண்டும்.

இனி நீங்கள். அவளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால் பிள்ளைகள் அந்த வருடம் குறைவாகக் கற்றார்கள், பயமும் கூடியது என்று 2015-ல் சின்ன வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு சொல்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து “எனக்குச் சொல்லு” என்று கேட்டால் போதும்.

ஒரு டப்பா பொத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கயிறு, அதுதான் = குறி. இந்தப் பக்கம் எட்டும் நாலும். அந்தப் பக்கம் ஐந்தை வைத்துவிட்டு, “இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கணும், எத்தனை போடணும்?” என்று கேளுங்கள். நோட்டு வேண்டாம், பென்சில் வேண்டாம். கணவரும் மகனும் பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. (இதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.) பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. நாம் கணக்கை “வரும், வராது” என்று பேசிப் பழகிவிட்டோம், மழை மாதிரி. அடுத்த வாயிலேயே “கணக்குப் போடு” என்றும் சொல்கிறோம். அவள் “நமக்கு வராது” என்றால் மறுத்து வாதாட வேண்டாம், “எந்த வரியிலேர்ந்து புரியலை?” என்று மட்டும் கேளுங்கள். அந்த “நமக்கு”வில் உங்களையும் சேர்த்திருக்கிறாள் அல்லவா, அதனால் அதே கேள்வியை உங்களுக்கும் போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் எந்த வருடம், எந்தப் பாடத்தில் விட்டுப்போனது? பெரும்பாலானவர்களுக்கு வகுப்பறையின் எந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம் என்பதுவரை ஞாபகம் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அதே மாதிரி நான்கு கணக்கைக் கொடுத்து, கட்டத்துக்குள் என்ன எழுதினாள் என்று படமெடுத்து அனுப்புங்கள். நீங்கள் விட்ட இடத்தையும் கூடவே எழுதுங்கள்.