ராயல்டி எங்கே போச்சு? வாசகர் கேள்விகள்

கே: என் பாட்டு ஒரு லட்சம் தடவை ஓடிவிட்டது. எவ்வளவு பணம் வரும்? (மதுரை வாசகர்)

எந்தத் தளம், எந்த நாடு, இலவசமாகக் கேட்டார்களா, சந்தா கட்டிக் கேட்டார்களா? எதையும் சொல்லாமல் தொகை கேட்டால் நான் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு ஸ்ட்ரீமுக்கு, அதாவது ஒரு தடவை கேட்பதற்கு, இவ்வளவு என்ற நிலையான விலை கிடையாது. தளங்கள் தங்கள் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமைதாரர்களுக்கு ஒதுக்கி, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை என்று பார்த்துப் பிரிப்பார்கள். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவரால் வருவது, சந்தாதாரரால் வருவதில் சின்னத் துண்டு. நம் ஊரில் பெரும்பாலோர் இலவசம்தான்.

கே: ஸ்பாட்டிஃபையில் 800 ஸ்ட்ரீம். ஒரு பைசா வரவில்லையே?

2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு அங்கே ரெக்கார்டிங் ராயல்டி (ஒலிப்பதிவுக்கான பங்குத்தொகை) இல்லை. 30 வினாடிக்குள் தாவியவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

கே: காசு கொடுத்தால் ஸ்ட்ரீம் ஏற்றித் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

வேண்டாம். பிடிபட்டால் பணமும் போகும், பாட்டும் போகும்.

கே: ஒரு லேபிளுக்கு (இசை நிறுவனம்) பாட்டு எழுதினேன். பத்தாயிரம் கொடுத்து எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இப்போது அது யூடியூபில் கோடிக்கணக்கில் ஓடுகிறது. எனக்கு ஒன்றுமே இல்லையா?

கையெழுத்துப் போட்ட வருடத்தை எழுதவில்லை, பாருங்கள். இதில் அதுதான் முக்கியம். 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. ‘எல்லா உரிமையும்’ என்று எழுதி வாங்கியிருந்தாலும் அந்தப் பங்குக்கு அது செல்லாது. அதற்கு முந்தைய ஒப்பந்தம் என்றால் நேரே வக்கீலிடம் போங்கள்.

ஆனால் சட்டம் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் பணம் வாசலுக்கு வராது. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். 1969 முதல் இருக்கிறது. 2017-இல் மறுபடி பதிவு பெற்றது. அதில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ‘அப்புறம் பார்க்கலாம் சார்’ என்பார்கள். நானும் சின்ன வயதில் டீக்கடை பெஞ்சில் வைத்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டவன்தான். அந்த எரிச்சல்தான் இப்படிப் பேச வைக்கிறது. பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாட்டு வெளிவருவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். மெட்டு பிடித்த சந்தோஷத்தில் யாரும் இதைப் பேசுவதில்லை. பாட்டு ஹிட் ஆனதும் பேச ஆரம்பித்தால் நட்பும் போய்விடும்.

கே: தியாகராஜர் கீர்த்தனையை நானே பாடி யூடியூபில் போட்டேன். ஒரு கம்பெனி உரிமை கோருகிறது!

தியாகராஜர் மறைந்தது 1847-இல். கீர்த்தனை பொதுச்சொத்து, கம்பெனிக்கு உரிமை இருப்பது தன்னுடைய ஒலிப்பதிவில் மட்டும். ஒரே ராகம், ஒரே சாகித்தியம் என்பதால், பாட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூப் இயந்திரம் குழம்பியிருக்கும். மறுப்புத் தெரிவியுங்கள், 30 நாளில் அவர்கள் பதில் தராவிட்டால் கோரிக்கை விலகிவிடும். வேறு யாருடைய கரோக்கி டிராக்கையாவது போட்டுப் பாடியிருந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

கே: இலவசமாக யூடியூபில் போட்டால் கச்சேரி வாய்ப்பு வருமா?

வரலாம். வந்தால் சம்பளத்தை எழுத்தில் வாங்குங்கள்.