தொட்டி நிறைய தண்ணீர் இருக்கிறது, ஆனால் குழாயில் வரவில்லை

பம்ப் கெட்டிருக்காது. கழிவுநீர்த் தொட்டி நிறைந்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

பனிப்புயல் ஓய்ந்து தண்ணீர் லாரி வந்துவிட்டது, ஆனால் குழாயைத் திறந்தால் பம்ப் சத்தமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேம்பிரிட்ஜ் பே போன்ற, கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் பகுதி ஊர்களில் அடிமண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடப்பதால் பெரும்பாலும் குழாய் புதைப்பதில்லை. நல்ல தண்ணீர் கொண்டுவர ஒரு லாரி, கழிவை உறிஞ்சிப் போக இன்னொரு லாரி. புயலுக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம். கழிவுத் தொட்டி நிறைந்தால் உள்ளே இருக்கும் மிதவை சுவிட்ச், நல்ல தண்ணீர் பம்பை நிறுத்திவிடும். வீட்டில் மூன்று பிள்ளைகள், புது வாஷிங் மெஷின் வேறு என்கிறீர்கள். சீக்கிரம் நிறையத்தான் செய்யும்.

1. தொட்டி இருக்கும் அறையில் கழிவுத் தொட்டியின் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ஊராட்சி அலுவலகத்துக்கு போன் செய்து கழிவு லாரியைக் கேளுங்கள்.

2. வெளிச்சுவரில் லாரிக் குழாய் மாட்டும் இடத்தையும் அதற்குப் போகும் வழியையும் பனி வெட்டி வையுங்கள். வழியில்லை என்றால் ஓட்டுநர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

விளக்கு எரியாமல், பம்ப் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் கதை வேறு: காற்று புகுந்திருக்கலாம், அல்லது குழாய் உறைந்திருக்கலாம். அப்போது வீட்டுவசதிப் பராமரிப்பு ஆளைக் கூப்பிடுங்கள்.

அந்த மிதவை சுவிட்சைத் தாண்டி வயர் கொடுத்து பம்பை ஓட்ட மட்டும் முயலாதீர்கள். கழிவு குளியல் தொட்டி வழியாக வீட்டுக்குள்ளேயே ஏறிவிடும்.