தொடையில் கை ஊன்றி எழுந்திருக்கும் பையன்

நாலு வயது மகனுக்கு முட்டி இடிக்கிறது, பாதம் தட்டை, அடிக்கடி விழுகிறான் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள் அம்மா: "தரையிலிருந்து எழும்போது அவன் தாத்தா மாதிரி தொடையில் கை ஊன்றித்தான் எழுகிறான்."

நாலு வயதில் முட்டி இடிப்பது இயல்பு. ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். வலி இல்லாத தட்டைப் பாதத்துக்கு வைத்தியமே வேண்டாம். அதற்கென்று ஆன்லைனில் வாங்கிய செருப்பை ஓரமாக வையுங்கள். யாரையும் கேட்காமல் வாராவாரம் கொடுக்கும் வைட்டமின் டி மருந்தை இன்றே நிறுத்துங்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். சத்து மருந்துதானே என்று நினைக்காதீர்கள்.

இனி, அந்தக் கடைசி வரி. சுவரும் கட்டிலும் எட்டாத இடத்தில் பையனைத் தரையில் உட்காரவைத்து, பொம்மையை உயரத்தில் காட்டி எழுந்திருக்கச் சொல்லுங்கள். இந்த வயதுப் பிள்ளை சட்டென்று எழுந்துவிடும். இடுப்பிலும் தொடையிலும் தசை பலவீனமான பிள்ளை முதலில் குப்புறத் திரும்பும், கையும் காலும் ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கும், பிறகு முட்டியில் கை வைத்து, தொடையைப் பிடித்துப் பிடித்து நிமிரும். அப்படிச் செய்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் போங்கள். கெண்டைக்கால் புஷ்டியாக இருப்பதாக உங்கள் மாமியார் சந்தோஷப்படுகிறார். எனக்கு அதுவும் சேர்ந்துதான் கவலை தருகிறது. டுசென் என்ற தசைநலிவு நோயிலும் கெண்டைக்கால் அப்படித்தான் பருத்துத் தெரியும்.

தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். அது இயல்பாக இருந்தால் டுசென் அநேகமாக இல்லை. ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரும் மரபணுப் பரிசோதனையும் தேவை. கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் கூடியதைப் பார்த்துக் கல்லீரல் மருந்து கொடுத்தே மாதங்களை வீணாக்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவை தசையிலிருந்தும் வரும்.

நடக்காமலே போய்விடுவானோ என்று கேட்கிறீர்கள். கடிதத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. தசை பலவீனத்துக்குக் காரணங்கள் பல. வைட்டமின் டி குறைவு போல முழுதும் சரியாகிறவையும் உண்டு. டுசென் என்றே வந்தாலும், அதைக் குணப்படுத்த முடியாதே தவிர, உரிய காலத்தில் ஸ்டீராய்டு தொடங்கினால் நடக்கும் காலம் நீளும். இணையத்தில் படித்ததை வைத்து இரவெல்லாம் அழாதீர்கள்.

அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டுசென் பரம்பரையாகவும் வரக்கூடியது என்பதால், இந்தப் பரிசோதனைகளின் முடிவு தெரியும்வரை பொறுங்கள்.