கெமிஸ்ட்ரி படித்தால் யாரோடு வேலை செய்வாள்?

தேவகோட்டையிலிருந்து ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் வேதியியலில் 96 மதிப்பெண் எடுத்திருக்கிறாள், பி.எஸ்சி. வேதியியல் தவிர வேறு எதிலும் சேர மாட்டேன் என்கிறாள். பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் தாய்மாமனோ, சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் பேசி முடித்துவிட்டார். விடுதியோடு சேர்த்து நான்கு ஆண்டுகளுக்கு 16 லட்சம் ரூபாய் ஆகுமாம். வீட்டை அடமானம் வைக்கலாம் என்று தந்தை யோசிக்கிறார். கடிதத்தின் கடைசியில் தாயார் சேர்க்கச் சொன்ன ஒரு வரி இருக்கிறது: ‘ஏதோ ஒரு லேபில் ஆசிட் பாட்டில்களுக்கு நடுவே எம் பொண்ணு தனியாக் கிடக்கணுமா?’

ஐயா, உங்கள் தவிப்பு நியாயமானது. ஆனால் உங்களைத் தேற்றுவதற்காக, ‘எந்தப் படிப்பும் நல்ல படிப்புதான்’ என்று நான் எழுதினால் அது உங்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. அந்த 16 லட்சத்தைக் கட்டக் கூடாது என்பதே என் கருத்து. கணினிப் பொறியியல் மோசமான படிப்பு என்பதால் இதைச் சொல்லவில்லை. மகள் வேண்டாம் என்று சொல்லும் படிப்புக்கு, இருக்கும் ஒரே வீட்டை ஈடு வைக்கும் கணக்கு எனக்குப் புரியவில்லை. அந்தத் துறை மைத்துனருக்குக் கைகொடுத்தது உண்மை. அதை வைத்து அவர் மருமகளின் நாட்டத்தை அளக்க முடியாது. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு செய்தியைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்: உப்புப் பகுப்பாய்வில் விடை சரியாக வந்த பிறகும், வீழ்படிவின் நிறம் ஏன் மங்கலாக இருந்தது என்று பார்க்க, ஆய்வக உதவியாளரிடம் கெஞ்சி இன்னொரு முறை செய்திருக்கிறாள். மதிப்பெண்ணுக்காகப் படிக்கிற பிள்ளை அதைச் செய்யாது.

பி.எட். முடித்து ஆசிரியராவது, வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. ஆகிய வழிகளை விளக்க உங்கள் தெருவிலேயே ஆள் இருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். தாயாரின் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம் குடும்பங்கள் கண்ணால் பார்த்திராத இடம் அதுதான். பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் யாரும் தனியாகக் கிடப்பதில்லை. தனியாக இருக்கவும் விடமாட்டார்கள். நல்ல ஆய்வகங்களில் இரவில் ஒருவர் மட்டும் இருந்து ஆபத்தான வினை எதையும் நடத்தக் கூடாது என்பது விதி.

ஓர் ஆய்வுக்குழுவின் தலைவர் பேராசிரியர். அவரை நெறியாளர் என்பார்கள். அவர் குடுவையைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். வகுப்பெடுப்பது, மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது, தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கும், அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆருக்கும் நிதி கேட்டுத் திட்டம் எழுதுவது ஆகியவற்றிலேயே அவர் நாள் போய்விடும். 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகளின்படி, ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பிஎச்.டி. மாணவர்களுக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது. ஆகவே குழு என்பது பெரும்பாலும் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்த, ஒரு கூட்டுக்குடும்ப அளவிலான கூட்டம்தான்.

அவருக்கு அடுத்து, பிஎச்.டி. முடித்துவிட்டு நிலையான வேலைக்காகக் காத்திருக்கும் போஸ்ட்-டாக் ஆய்வாளர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். மத்திய அரசுத் திட்டங்களில் இவர்களுக்கு 2023 முதல் மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை, வீட்டு வாடகைப் படி தனி. குழுவில் அதிகம் தெரிந்தவரும் அதிகம் கவலைப்படுபவரும் இவரே. ஒப்பந்தம் முடியும் தேதி அவர் மனத்தை விட்டு அகலாது.

குழுவின் உயிர் பிஎச்.டி. ஆய்வு மாணவர்களிடம் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டு மாணவி முதலாம் ஆண்டு மாணவிக்குச் சொல்லிக்கொடுப்பது எந்தப் பாடநூலிலும் முழுமையாக இருக்காது. டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில் சோடியத்தையும் பென்சோஃபீனோனையும் போட்டுக் கொதிக்கவிட்டு, அது ஆழ்ந்த நீலமான பிறகே ஈரம் போயிற்று என்று நம்ப வேண்டும், வேலை முடிந்தபின் மிஞ்சிய சோடியத்தை ஆல்கஹாலில் சிறிது சிறிதாகவே அழிக்க வேண்டும், அவசரப்பட்டால் தீப்பிடிக்கும். இதை ஒருத்தி பக்கத்தில் நின்று காட்டினால்தான் கை பழகும். வேதிப்பொருள் வாங்குவது ஒருவர் பொறுப்பு, திரவ நைட்ரஜன் நிரப்புவது இன்னொருவர் பொறுப்பு, கழிவுக் கேன்களில் சரியாகப் பெயர் ஒட்டுவது மற்றொருவர் பொறுப்பு என்று வீட்டுவேலை போலப் பிரித்துக்கொள்வார்கள். பெரும்பாலான குழுக்களில் வாரம் ஒருமுறை கூட்டம் நடக்கும். வினையில் எதிர்பார்த்தபடி வராத விளைச்சலையும், கருவி தந்த புரியாத நிறமாலையையும் எல்லாருக்கும் முன்னால் காட்டி, கேள்விகளைத் தாங்கிக்கொள்ள வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளை இந்தக் கூட்டங்கள் எப்படி மாற்றுகின்றன என்று நான் பார்த்திருக்கிறேன்.

இவர்களோடு, ஒரு குறிப்பிட்ட நிதித் திட்டத்துக்காக எடுக்கப்படும் திட்ட உதவியாளர்களும், சில மாதங்கள் வந்து செய்முறைத் திட்டம் முடித்துச் செல்லும் எம்.எஸ்சி. மாணவர்களும் உண்டு. பிஎச்.டி. தனக்கு ஒத்துவருமா என்று தெரியாத பிள்ளைக்குத் திட்ட உதவியாளர் வேலை நல்ல சோதனைக்களம். சம்பளத்தோடு ஓராண்டு இருந்து பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் வெளியேறலாம்.

எந்தப் பெற்றோரும் என்னிடம் கேட்காத ஒருவர் இன்னும் இருக்கிறார்: கருவிக்கூடத்தின் தொழில்நுட்ப அலுவலர். மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிய உதவும் என்.எம்.ஆர். கருவியின் மீக்கடத்திக் காந்தம் எந்நேரமும் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும்; அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன் குறையாமல் இருக்க வேண்டும்; இதைக் கவனிப்பதும், மாணவர் கொடுக்கும் மாதிரியிலிருந்து நம்பகமான நிறமாலை எடுத்துத் தருவதும், ‘உன் மாதிரியில் கரைப்பான் மிஞ்சியிருக்கிறது, மறுபடி சுத்தம் செய்து வா’ என்று திருப்பி அனுப்புவதும் இவர் வேலை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ளது போன்ற பொதுக் கருவிக்கூடங்களும் பெரிய பல்கலைக்கழகங்களும் இத்தகைய பணிகளுக்கு எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர்களை எடுக்கின்றன. இடங்கள் குறைவு, ஆனால் நிரந்தரப் பணி, பல குழுக்களின் ஆய்வில் பங்கு, போஸ்ட்-டாக்கின் பதற்றம் இல்லை. கருவியைப் பிரித்துப் பார்க்கத் துடிக்கும் பிள்ளைக்குப் பேராசிரியர் பதவியைவிட இது பொருந்தலாம். கண்ணாடி ஊதிக் குழாய்களைச் செப்பனிடும் கலைஞரும், திட்டநிதிக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தயாரிக்கும் அலுவலக எழுத்தரும் இல்லாவிட்டால் குழு ஒரே மாதத்தில் நின்றுவிடும். அந்த எழுத்தரைப் பகைத்துக்கொண்ட பேராசிரியர் யாரும் நிம்மதியாக இருந்ததில்லை.

இத்தனை பேர் எதற்கு என்று மைத்துனர் கேட்டால், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் ஆய்வுக்கட்டுரையைக் காட்டுங்கள். பல்கலைக்கழகத் துறையாக இல்லாமல் கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் இருந்தாலும், அவருடையதும் இதே வகைக் குழுதான். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறிய பகுதியின் அமைப்பை வெளிப்படுத்திய அந்த 2000ஆம் ஆண்டுக் கட்டுரையில் எட்டுப் பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் விம்பர்லி, கடைசிப் பெயர் ராமகிருஷ்ணன், இடையில் இருப்பவர்களில் மாணவர்களும் உண்டு. 2009இல் நோபல் பரிசு வாங்கிய வேலையில் அவர்கள் கையும் இருக்கிறது. அவரே வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் ஐ.ஐ.டி.யிலும் இடம் கிடைக்காமல் பரோடாவில் பி.எஸ்சி. சேர்ந்தவர் என்பதையும் மைத்துனர் அறிந்துகொள்வது நல்லது.

இனிப் பணம். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுத வேண்டும். ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி.க்கும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் அதுவே வாசல். பிறகு சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, அதன்பின் 42,000 ரூபாய். விடுதி இல்லையெனில் வீட்டு வாடகைப் படி தனி. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவதும் உண்டு. ஆகவே ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு சேரட்டும். உதவித்தொகை இல்லாமல், நீங்கள் கட்டணம் கட்டி அவள் முழுநேர பிஎச்.டி. செய்யும் ஏற்பாட்டுக்கு மட்டும், யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஆய்வு மாணவர் செய்வது உழைப்பு; அதற்குச் சம்பளம் வாங்க வேண்டுமே தவிர, கொடுக்கக் கூடாது.

மறைக்கக் கூடாத செய்திகளும் உண்டு. பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு, பிஎச்.டி. முடிப்பவர்களில் பெரும்பாலோர் வேறு இடம்தான் போகிறார்கள். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள ஒப்பந்த மருந்தாய்வு நிறுவனங்கள் எம்.எஸ்சி.க்காரர்களையும் பிஎச்.டி.க்காரர்களையும் தொடர்ந்து எடுக்கின்றன, ஆனால் தொடக்கச் சம்பளம் மைத்துனரின் துறையோடு போட்டி போடாது. இதை மகளிடம் இப்போதே சொல்லுங்கள், தெரிந்தே தேர்ந்தெடுக்கட்டும்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளரைத் தேர்வது முக்கியம். சேருமுன் அவருடைய மாணவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேச வேண்டும்: எத்தனை ஆண்டில் பட்டம் வாங்குகிறார்கள், முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், ஊருக்குப் போக விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கிறாரா? ஆய்வகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி எத்தனை பேர் அணிந்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு வரட்டும். ஓய்வுபெற மூன்றாண்டுக்குள் இருப்பவர் புது மாணவர் எடுக்க விதி இடம் தராது. அதையும் கேட்டுத் தெளிவாக வேண்டும்.

திருமண வயது தாண்டிவிடாதா என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டுச் சலுகையும், மகப்பேறு விடுப்பு 240 நாள் வரையிலும் விதியிலேயே இருக்கின்றன. மணமாகி, குழந்தை பெற்று, ஆய்வேட்டையும் முடித்தவர்கள் ஏராளம். எப்போது திருமணம் என்பதை அவளும் நீங்களும் பின்னர் பேசலாம். பதினேழு வயதில் படிப்பைத் தேர்வதற்கு அதைக் காரணமாக்காதீர்கள்.

உங்கள் பக்கத்தூரான காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய சி.எஸ்.ஐ.ஆரின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்கள் செப்டம்பர் 26 நிறுவன நாளையொட்டிப் பொதுமக்களை உள்ளே விடும் வழக்கம் உண்டு. இந்த ஆண்டு தாயாரும் மகளும் போய்ப் பார்க்கட்டும். இப்போதைக்கு, கணிதமும் இயற்பியலும் துணைப்பாடமாக உள்ள கல்லூரியாகப் பார்த்து விண்ணப்பியுங்கள்; கணிதத்தைக் கைவிட்டவர்கள் ஜாம் தேர்வில் இயற்பிய வேதியியலில் திணறுகிறார்கள்.

மைத்துனரைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்று பல வேதியியல் குழுக்களில் மூலக்கூறுகளைக் கணினியில் கணக்கிடுபவர் ஒருவராவது இருக்கிறார். விடுமுறையில் மருமகளுக்குப் பைத்தானும் லினக்ஸும் கற்றுத்தரும்படி அவரிடம் கேளுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முன்பணம் கட்டும் தேதி வருகிற வெள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள்; வியாழனுக்குள் அவரிடம் பேசி அதை ரத்து செய்துவிடுங்கள்.